கணினிக்குள் ஒரு ஸ்டிச் பால்

2025 ஜூலை 6. நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் டி.என்.பி.எல். கிரிக்கெட் இறுதிப் போட்டி. முந்தைய ஆண்டு சேப்பாக்கத்தில் கோவையை வீழ்த்திக் கோப்பையைத் தூக்கிவந்த திண்டுக்கல் டிராகன்ஸ், சொந்த மண்ணில் திருப்பூரிடம் 118 ரன் வித்தியாசத்தில் தோற்ற இரவு. எனக்கு முன் வரிசையில் ஒரு பையன். ஆட்டம் கைவிட்டுப் போனது தெரிந்ததும் மைதானத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, செல்போனில் கிரிக்கெட் ஆட ஆரம்பித்துவிட்டான். அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் எனக்கு வெறும் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்த பந்து, அவன் திரையில் ரீப்ளே ஓடியபோது எலுமிச்சம்பழம் அளவுக்குப் பெருத்து நின்றது. தையல் தெரிந்தது. தோலின் மினுமினுப்புகூடத் தெரிந்தது.

யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்தப் பந்தைச் செய்திருக்கிறார். தையலை ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறார். மினுமினுப்பு எங்கே இருக்க வேண்டும், எங்கே மங்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார். திண்டுக்கல் திரும்பும் வழி முழுக்க அந்த ஆளைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். மறுநாளே பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளை இறக்கிக்கொண்டு, ஒரு கிரிக்கெட் பந்தைக் கணினிக்குள் செய்து பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். பிளெண்டர் இலவசம். 2002-ல் அதன் மூல நிரலை விடுவிப்பதற்காக உலகமெங்கும் இருந்து ஆர்வலர்கள் ஏழு வாரத்தில் 1,00,000 யூரோ திரட்டிக் கொடுத்தார்கள். அந்தக் கொடையால்தான் திண்டுக்கல்லில் ஒரு பழைய கணினியில் என்னால் அதைத் திறக்க முடிகிறது. அந்த நன்றியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உருண்டை செய்ய ஒரு நொடி போதும். பட்டியலில் ‘ஸ்பியர்’ என்பதை அழுத்தினால் திரையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கணினி வரைகலைக்கு உருண்டை என்றால் பிறந்த வீடு மாதிரி. 1980-ல் டர்னர் விட்டெட் ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து படம் வரையும் முறையை உலகுக்குக் காட்டியபோது, அவர் வரைந்தது கட்டம் போட்ட தரைக்கு மேலே மிதக்கும் இரண்டு உருண்டைகளை. 1984 ஜனவரியில் அமிகா கணினியின் வல்லமையைக் காட்ட, சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட ஒரு பந்தைத் திரையில் குதிக்கவிட்டார்கள். 1986-ல் பிக்ஸார் எடுத்த ‘லக்ஸோ ஜூனியர்’ குறும்படத்தில் குட்டி மேசைவிளக்கு துரத்தி விளையாடுவதும் ஒரு பந்தைத்தான். காரணம் எளிது. மையம் எங்கே, ஆரம் எவ்வளவு என்ற இரண்டே தகவலில் உருண்டை அடங்கிவிடுகிறது. ஒளிக்கதிர் அதன்மேல் எங்கே படும் என்று கண்டுபிடிக்க, பத்தாம் வகுப்பில் நாம் போட்ட இருபடிச் சமன்பாடு போதும்.

ஆனால் ஒரு உருண்டையை, ‘இது இருபது ஓவர் வீசிய பந்து’ என்று பார்ப்பவர் நம்பும்படி செய்வதற்கு எனக்கு இரண்டு மாதம் ஆனது.

ஆக்சா பிளேடும் ஆறு வரிசைத் தையலும்

முதல் வாரம் இணையத்துப் படங்களைப் பார்த்துச் செய்தேன். வந்தது பந்து மாதிரிதான் இருந்தது, பந்தாக இல்லை. பிறகு ஒரு காரியம் செய்தேன். பரணில் கிடந்த பழைய ஸ்டிச் பாலை எடுத்து, ஆக்சா பிளேடால் குறுக்கே அறுத்தேன். (ஊர்ப்பக்கம் தோல் பந்தை ஸ்டிச் பால் என்றுதான் சொல்வோம். அதற்குக் கீழ்ப் படியில் கார்க் பால், அதற்கும் கீழே டென்னிஸ் பால், ரப்பர் பந்து.) நடுவில் தக்கை. அதைச் சுற்றி இறுக்கி இறுக்கிச் சுற்றிய நூல். வெளியே, விரல் நகத்தைவிடத் தடித்த தோல்.

அந்தத் தோல் நான்கு துண்டு. ஆரஞ்சைக் கால் காலாகப் பிளந்தால் தோலி எப்படி வருமோ அப்படி. இரண்டு துண்டை உள்பக்கமாகத் தைத்தால் ஒரு கிண்ணம். இன்னொரு இரண்டு துண்டில் இன்னொரு கிண்ணம். இரண்டு கிண்ணத்தையும் கவிழ்த்து மூடும்போது, ஒன்றை மற்றதற்கு 90 பாகை திருப்பி வைக்கிறார்கள். அதனால் ஒரு பாதியின் உள்தையல் மறுபாதியின் உள்தையலோடு நேர்க்கோட்டில் வராது. இதை அறுத்துப் பார்க்கும் வரை நான் கவனித்ததே இல்லை. பத்து வயதில் இருந்து அந்தப் பந்தைக் கையில் பிடித்திருக்கிறேன்!

விதி சொல்லும் அளவு கறாரானது. ஆண்கள் கிரிக்கெட்டில் புதுப்பந்தின் எடை 155.9 கிராமில் இருந்து 163 கிராமுக்குள். சுற்றளவு 22.4 சென்டிமீட்டரில் இருந்து 22.9-க்குள். நடுவில் ஓடும் சீம் ஆறு வரிசைத் தையல். கையால் தைக்கும் மீரட் பந்துகளில் வரிசைக்கு 80 தையல், சற்று முன்பின்னாக. ஆக ஒரு பந்தில் 480 தையலுக்குப் பக்கம். சுற்றளவை 80-ஆல் வகுத்துப் பாருங்கள்: 2.8 மில்லிமீட்டருக்கு ஒரு தையல்.

கணினியில் இது அற்ப வேலை என்று நினைத்தேன். ஒரே ஒரு தையலைச் செய்தேன்: இரண்டு முனையும் தோலுக்குள் புதைந்த, நடுவில் லேசாகப் புடைத்த நூல்துண்டு. அதை 4.5 பாகைக்கு ஒன்றாக 80 தடவை சுற்றிவரச் சொன்னால் ஒரு வரிசை தயார். ஆறு வரிசையும் ஒரு நிமிடத்தில் முடிந்தது. ரெண்டர் போட்டு, அதாவது கணினியை முழுப் படமாக வரையச் சொல்லி, பார்த்தேன். சைக்கிள் செயின் போல இருந்தது.

அறுத்த பந்தை மறுபடி எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துத் தையலைப் பார்த்தேன். எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை. ஒன்று ஒரு மயிரிழை சாய்ந்திருக்கிறது. ஒன்று இறுக்கமாக இழுபட்டுத் தோலை உள்ளே குழிக்கிறது. தைத்தவர் நூல் மாற்றிய இடத்தில் இடைவெளி சற்று நெருங்கி, பிறகு பழையபடி விலகுகிறது. எஸ்.ஜி. நிறுவனத்தின் பந்து மீரட்டில் செய்யப்படுகிறது. 1931-ல் சியால்கோட்டில் தொடங்கிய அந்த நிறுவனம் பிரிவினைக்குப் பிறகு மீரட்டுக்கு வந்தது. அங்கே மரக்கிடுக்கியில் பந்தை மாட்டி, இரண்டு ஊசியை எதிரெதிராக இழுத்து ஒரு தொழிலாளி போட்ட தையலில் அவர் கை இருக்கிறது. மாதிரியை மட்டும் பெருக்கிப் பெருக்கி ஒட்டினால் அந்தக் கை காணாமல் போய்விடும். ஒவ்வொரு தையலையும் ஒன்றிரண்டு பாகை தாறுமாறாகத் திருப்பி, உயரத்தில் கொஞ்சம் ஏற்றிறக்கம் கொடுத்தேன். சில இடத்தில் தாறுமாறும் போதாமல் கையாலேயே நகர்த்தினேன். அப்போதுதான் செயின் தையலானது.

தோலின் முகம்

திண்டுக்கல்காரர்களுக்குத் தோலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பூட்டையும் பிரியாணியையும் சொல்லி ஊரின் அறிமுகத்தை முடித்துவிடுகிறார்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாக இந்த ஊருக்குச் சோறு போட்டதில் தோல் ஷாப்புகளுக்கு (தோல் பதனிடும் கூடங்களை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பெரும் பங்கு உண்டு. அந்தச் சோற்றுக்குத் தொழிலாளிகள் கொடுத்த விலையை எழுதியவர் டி. செல்வராஜ். இந்த ஊரில் வழக்கறிஞராக இருந்தவர். அவருடைய ‘தோல்’ நாவலுக்கு 2012-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. கழிவுநீர் இறங்கி உப்பேறிய கிணறுகளின் கதையும் இந்தச் சமவெளிக்கு உண்டு. தோலின் அழகைப் பற்றி எழுதும்போது அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

கணினியில் தோலுக்கு என்ன செய்கிறார்கள்? பெரும்பாலும் ‘லெதர்’ என்று தேடி, கிடைக்கிற ஆயத்தப் படம் ஒன்றை இறக்கி, உருண்டைமேல் போர்த்திவிடுகிறார்கள். அது அநேகமாக சோபாத் தோலாக இருக்கும். பொடிப்பொடியாகக் கொப்புளம் வைத்த தோல். கிரிக்கெட் பந்துக்கு அதைப் போர்த்தினால் கீழே விழுந்த நாவல்பழம் மாதிரி ஆகிவிடும். பந்தின் தோல் மாட்டுத்தோல். நம் பக்கத்துப் பழைய முறை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடுவது. பந்துத் தோலுக்குப் படிகாரம். பிறகு சாயம் ஏற்றி, நனைத்து, அச்சில் அழுத்திக் கிண்ணமாக வளைக்கிறார்கள். இவ்வளவும் ஆன பிறகு மேல்பரப்பு ஏறத்தாழ வழவழப்பாக இருக்கும். உற்றுப் பார்த்தால் மட்டும் மயிர்க்கால்களின் துளைகள் தெரியும். மாட்டுத்தோலில் அவை ஓரளவு சீராகப் பரவியிருக்கும். ஆட்டுத்தோலில் கொத்துக்கொத்தாக, அலையலையாக வரிசை கட்டும். தோல் ஷாப்பில் வேலை பார்த்த ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே இது ஆடு, இது மாடு என்று பிரித்துவிடுவார். அவர் ஏற்கும்படியான தோல் என் திரையில் வரவேண்டும் என்பதை எனக்கு நானே வைத்துக்கொண்ட அளவுகோலாக்கினேன். இந்த ஊரில் இருந்துகொண்டு எங்கோ எடுத்த சோபாத் தோலைப் போர்த்துவது எனக்கு அவமானமாகப் பட்டது.

போர்த்துவதிலேயே ஒரு பழைய கணக்குச் சிக்கல் இருக்கிறது. தட்டையான படத்தை உருண்டைமேல் சுருக்கம் இல்லாமல், இழுபடாமல் ஒட்ட முடியாது. 1827-ல் காஸ் என்ற ஜெர்மானியக் கணித மேதை இதை நிரூபித்துவிட்டார். உலக வரைபடத்தில் கிரீன்லாந்து அளவுக்கு மீறிப் பெருத்துத் தெரிவதும் இதனால்தான். அதனால் மாடல் செய்கிறவர் உருண்டையை எங்காவது வெட்டித் தட்டையாக விரிக்க வேண்டும். இதற்கு அன்ராப் என்று பெயர். வெட்டும் கோட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் சீம்! பந்து தைக்கிறவரும் தட்டைத் தோலை வைத்துக்கொண்டு இதே சிக்கலைத்தான் சந்திக்கிறார். அவர் நான்காக வெட்டினார், மிச்சத்துக்குத் தோலை நனைத்து இழுத்தார். நானும் அவர் வெட்டிய அதே கோடுகளில் வெட்டினேன். இழுபடும் இடங்களில்கூட என் படம் இழுபட்டது, நிஜத் தோல் இழுபட்ட மாதிரியே. அந்த மாலையில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது!

படத்தை மேற்பரப்பில் ஒட்டும் முறையை 1974-ல் தன் ஆய்வேட்டில் தந்தவர் எட் காட்முல். பின்னாளில் பிக்ஸாரை உருவாக்கியவர்களில் ஒருவர். அதற்கு அடுத்த பாய்ச்சல் 1978-ல் ஜிம் பிளின் கண்டுபிடித்தது. மேற்பரப்பை நிஜமாகவே மேடுபள்ளமாக ஆக்காமல், வெளிச்சம் படும் கோணத்தை மட்டும் மாற்றிக் கண்ணுக்கு மேடுபள்ளம் காட்டும் வித்தை. தோலின் துளை, பொடிக்கீறல் எல்லாம் இப்படித்தான் வருகின்றன. சீமுக்கு மட்டும் இது செல்லாது. பந்தின் விளிம்பில் சீம் புடைத்து நிற்பது வெளிக்கோட்டிலேயே தெரிய வேண்டும், அதற்கு நிஜமான புடைப்பே வேண்டும். 4,096 புள்ளி அகலப் படத்தைச் சுற்றளவுக்கு விரித்தால் மில்லிமீட்டருக்கு 18 புள்ளி வருகிறது. மயிர்க்கால் துளை வரைக்கும் அது தாங்கும்.

பேன்ட்டில் தேய்த்த பக்கம்

நான் அதிக நாள் செலவழித்தது நிறத்துக்கு அல்ல, பளபளப்புக்கு. பளபளப்பைப் பலர் வெள்ளைநிறப் புள்ளி என்று நினைக்கிறார்கள். அது அப்படி அல்ல. மேற்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்கள் ஒரே திசை பார்த்தால் ஒளி ஒழுங்காகத் தெறித்து விளக்கின் உருவமே தெரியும். ஆளுக்கொரு திசை பார்த்தால் ஒளி சிதறி மங்கும். இதற்கு மென்பொருளில் ரஃப்னெஸ் என்று ஓர் அளவு இருக்கிறது. பூஜ்யம் என்றால் கண்ணாடி, ஒன்று என்றால் சுண்ணாம்புச் சுவர். பரப்பின் ஒவ்வொரு இடத்துக்கும் வெவ்வேறு அளவை, கறுப்பு வெள்ளைப் படமாகத் தீட்டிக் கொடுக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. குளத்துக் கரையில் நின்று பாருங்கள். காலடியில் தண்ணீருக்குள் மண் தெரியும். தூரத்தில் அதே தண்ணீர் வானத்தைக் காட்டும். பார்வை சாயச் சாயப் பிரதிபலிப்பு கூடும் என்பது பிரெனல் வகுத்த விதி. பந்தின் விளிம்பில் ஒரு வெளிர்க்கோடு ஓடுவது அதனால்தான். அது இல்லாத பந்து பிளாஸ்டிக்குக்கும் தோலுக்கும் நடுவில் தவிக்கும்.

இந்த ரஃப்னெஸ் படத்தைத் தீட்டிக்கொண்டிருந்த ஒரு ராத்திரியில்தான் எனக்கு உறைத்தது: ஒரு டெஸ்ட் அணியில் பதினொரு பேரும் நாள் முழுக்கச் செய்வது இதே வேலையைத்தான். ஒரு பக்கத்தை வியர்வை தொட்டுப் பேன்ட்டில் தேய்த்து மினுக்குகிறார்கள். மறுபக்கத்தைக் கரடுமுரடாக விடுகிறார்கள். எச்சில் தொடுவதை 2020-ல் கொரோனாவுக்காக ஐ.சி.சி. நிறுத்தி, 2022-ல் நிரந்தரமாகவே தடை செய்தது. இரண்டு பக்கமும் காற்றை வெவ்வேறு விதமாகக் கிழிப்பதால் பந்து பறக்கும் திசை வளைகிறது. வேகப்பந்து வீச்சாளருக்கு ரஃப்னெஸ் என்பது ஆயுதம். மாடல் செய்பவர் அதை அலங்காரமாக நினைத்துத் தீட்டினால் பந்து பொய்யாகிவிடும்.

மண்ணையும் சொல்ல வேண்டும். திண்டுக்கல் சமவெளியில் பெரும்பகுதி செம்மண். தேங்காய்நார் விரிப்பிலும் செம்மண் திடலிலும் அடிபட்ட பந்தின் கீறலுக்குள் அந்த மண் ஏறி உட்கார்ந்துவிடும். தையல் நூலின் வெண்மை முதலில் பழுப்பாகி, பிறகு கறுக்கும். புல் வளர்ந்த வெளிநாட்டு மைதானத்துப் பந்தின் பச்சைக்கறையை நம் ஊர்ப் பந்துக்குப் போட்டால் பார்த்த உடனே தெரிந்துவிடும். என் பந்தின் கீறல்களுக்கு வேண்டிய நிறத்தை, நத்தம் சாலை ஓரத்தில் ஒரு கைப்பிடி மண்ணை வெயிலில் படம் எடுத்து அதிலிருந்து எடுத்தேன்.

செல்போனில் 80 படம் எடுத்து, அதிலிருந்து முப்பரிமாண உருவத்தைத் தானாகப் பெறும் வழியும் இருக்கிறது. முயன்றேன். பழைய பந்து நன்றாகவே வந்தது. புதுப்பந்தின் பளபளப்பு ஒவ்வொரு படத்திலும் இடம் மாறுவதால் மென்பொருள் குழம்பி, உடைந்த தேங்காய் மாதிரி ஒன்றைத் தந்தது. முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லத் தூவிய பிறகுதான் சரியானது.

இவ்வளவு உழைப்பும் ஆட்டத்தில் தெரியுமா என்று கேட்டால், பெரும்பாலும் தெரியாது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகப் பந்து நொடிக்கு 39 மீட்டர் போகிறது. கேமராவின் கதவு 1/50 நொடி திறந்திருந்தால் அதற்குள் பந்து 78 சென்டிமீட்டர் ஓடிவிடும். படத்தில் தன்னைப்போல் பத்து மடங்கு நீளமான ஒரு கீற்றாகத்தான் விழும். திரைப்படங்களில் பந்தைப் பின்னால் சேர்ப்பவர்களுக்கு இது வரம். 1994-ல் ‘பாரஸ்ட் கம்ப்’ படத்தில் டாம் ஹாங்க்ஸ் வெறும் மட்டையை வீசினார், டேபிள் டென்னிஸ் பந்து முழுக்கக் கணினி போட்டது. 2004-ல் வந்த ‘விம்பிள்டன்’ படத்தின் டென்னிஸ் பந்துகளும் அப்படியே. ஆனால் நொடிக்கு 1,000 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில் பந்து ஒரு படத்துக்கு நான்கு சென்டிமீட்டர்தான் நகரும். அப்போது ஒவ்வொரு தையலும் சாட்சி சொல்லும்.

செல்போன் விளையாட்டில் சிக்கல் வேறு. சென்னையின் நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா செய்த ‘வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப்’ வரிசை நம் பையன்களின் கைகளில் பல ஆண்டாக இருக்கிறது. இரண்டாம் பதிப்பு 2015-ல் வந்தது, மூன்றாவது 2020-ல். விலை குறைந்த போனிலும் ஓட வேண்டிய விளையாட்டில் 480 தையலுக்கும் தனித்தனி உருவம் கொடுத்தால் போன் சூடாகி நின்றுவிடும். அதனால் இந்தத் தொழிலில் பொதுவாக, முழு நுணுக்கத்தோடு ஒரு பந்தைச் செய்து, அதன் மேடுபள்ளத்தைப் படமாகப் பிழிந்தெடுத்து, சில நூறு முகங்களே உள்ள எளிய உருண்டைமேல் ஒட்டுவார்கள். பேக் பண்ணுவது என்பார்கள். இரண்டு பந்து செய்து ஒன்றை மட்டும் காட்டும் வேலை அது.

மற்றப் பந்துகளுக்கு ஒரு வார்த்தை. கால்பந்து கணக்குப் பிரியர்களின் சொத்து. 1970 உலகக் கோப்பையின் டெல்ஸ்டார் பந்தில் 12 கறுப்பு ஐங்கோணம், 20 வெள்ளை அறுகோணம். கணினியில் அதை ஐந்து நிமிடத்தில் வெட்டி எடுத்துவிடலாம். 2014-ன் பிரசூகாவில் வளைந்து பின்னிய ஆறே துண்டு, அதைச் செய்ய ஒரு நாள் போதாது. டென்னிஸ் பந்துக்கு மேற்பரப்பே கிடையாது, மயிர்தான். ஆயிரக்கணக்கான நுண்இழைகளை முளைக்கவிட்டு, தெருவில் ஆடிய பந்து என்றால் திட்டுத்திட்டாக மொட்டையடிக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து என் பந்து முடிந்தது. நிஜப் பந்தின் புகைப்படத்தையும் என் ரெண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நண்பர்களுக்கு அனுப்பி, எது நிஜம் என்று கேட்டேன். பாதிப் பேர் தவறாகச் சொன்னார்கள். அந்தத் தைரியத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வலைப்பயிற்சி நடக்கும் திடலுக்குப் போனேன். பதினேழு வயது இருக்கும், வேகப்பந்து வீசுகிற பையன். போனை நீட்டினேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தான். இரண்டு விரலால் பெரிதாக்கினான். சீம் பக்கம் போய் நின்றான்.

“அண்ணே, இந்தப் பந்த யாரு தேச்சது?”

நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“பேன்ட்ல தேச்சா நடுவுலதாண்ணே மினுங்கும். சீம் தூக்கிட்டு நிக்குதுல்ல, அது ஓரத்துல துணியே படாது. இதுல சீம் வரைக்கும் பளபளன்னு இருக்கு.”

தன் கையில் இருந்த பந்தை என்னிடம் கொடுத்தான். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சீமை ஒட்டி இரண்டு பக்கமும், ஒரு விரல் அகலத்துக்கு, மங்கிய வளையம் ஓடியது. அதைப் படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். “எடுத்துக்கங்கண்ணே, சீக்கிரம், அடுத்த ஓவர் எனக்கு” என்றான்.